பௌடி பக்கம் ஒரு மலைக் கல்யாணத்துல கேட்ட செம்பு மேளம், கூடவே பேக்பைப். தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

மலைக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா டேராடூன்ல வேலை பாக்குறேன். போன மாசம் கூட வேலை செய்யுற நண்பனோட தம்பி கல்யாணத்துக்கு உத்தராகண்ட் மலையில பௌடி கட்வால் மாவட்டத்துல அவங்க ஊருக்குப் போயிருந்தேன். ரோடு முடியுற எடத்துல ஜீப்ப நிறுத்திட்டு அங்கேருந்து பொண்ணு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் நடை, ஒத்தையடிப் பாதை, மாப்பிள்ளைக்கு முன்னாடி மேளக்காரங்க, பின்னாடி நாங்க நாப்பது பேரு வரிசையா.

பெரிய மேளம் ஒண்ணு, தோள்ல பட்டை போட்டு மாட்டியிருந்தார் ஒரு பெரியவர், அறுபது வயசுக்கு மேல இருக்கும். உடம்பு மரம் இல்ல, உலோகம். ஒரு பக்கம் குச்சி, இன்னொரு பக்கம் வெறும் கை. அவர் பக்கத்துல ஒரு பையன், வயித்துக்கு நேரா சின்னதா சட்டி மாதிரி ஒரு வாத்தியம், ரெண்டு குச்சியால அடிச்சிட்டே வந்தான். கெளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பெரியவர் வைக்கோலக் கொளுத்தி அந்தச் சட்டிய தீயில காட்டுனாரு, திருப்பித் திருப்பிக் காட்டி விரலால ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பாரு, தலைய ஆட்டிட்டு திரும்பவும் காட்டுவாரு, சத்தம் ‘டங்’ன்னு வர்ற வரைக்கும் விடல.

இதுல என்ன ஆச்சரியம்னா நடந்துட்டு இருக்கும்போதே அடி மாறிட்டே இருந்துச்சு. மொதல்ல அவர் இஷ்டத்துக்கு மாத்துறாருன்னு நெனச்சேன், ஆனா ஏத்தம் வந்தா ஒரு மாதிரி, சமதளம் வந்தா வேற மாதிரி, கீழ ஒரு ஆறு வந்துச்சு அந்தப் பாலத்துகிட்ட போகும்போது மொத்தமாவே வேற. மொபைல்ல நாப்பது நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். அது என்ன கணக்கு? பேர் ஏதாவது இருக்கா?

அப்புறம் ஒருத்தர் பேக்பைப் ஊதுனாரு, ஸ்காட்லாந்து பட்டாளத்துக்காரங்க ஊதுறதேதான். இமயமலைக் கிராமத்துக்கு அது எப்படி வந்துச்சு?

இன்னொரு விஷயம், அது மனசுல இருந்து போக மாட்டேங்குது. பொண்ணு வீட்டுல எல்லாரும் வரிசையா உக்காந்து சாப்புட்டோம். மேளக்காரங்க மட்டும் முற்றத்து ஓரத்துல தனியா. அந்தப் பெரியவர் வீட்டுப் படி ஏறவே இல்ல. அவர் அடிச்சாத்தான் கல்யாணமே நகருது, ஆனா அவர் வெளிய. நண்பன்கிட்ட கேட்டேன், அவன் பேச்ச மாத்திட்டான். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

தவில் வீட்டுப் பையன்:

ப்ரோ நீங்க பார்த்தது டோலும் தமாவும். டோல்-தமாவ்ன்னு ஒரே மூச்சுலதான் சொல்லுவாங்க, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு கெடையாது. டோல் சிவன், தமாவ் சக்தின்னு நம்பிக்கை. நான் தவில் வாசிக்குற வீட்டுல பொறந்தவன், அந்த ஆசையில டெஹ்ரி பக்கம் போய் ஒரு டோல் வாத்தியார் வீட்டுத் திண்ணையில பத்து நாள் உக்காந்திருந்தேன், அதுல தெரிஞ்சதச் சொல்றேன்.

டோலோட உடம்பு செம்பு இல்லன்னா பித்தளை. குச்சி அடிக்குற பக்கம் தோல் தடிப்பா இருக்கும், கைப்பக்கம் மெல்லிசான ஆட்டுத்தோல். ரெண்டு பக்கத்தையும் கயிறு இழுத்துப் புடிச்சிருக்கும், அந்தக் கயித்துல வளையம் வளையமா கோத்திருப்பாங்க, வளையத்தத் தள்ளுனா கயிறு இறுகும், சுருதி ஏறும். தமாவ் ஏறக்குறைய ஒரு அடி அகலம், ஆழம் கம்மி, செம்புச் சட்டி மேல எருமைத்தோல். ஈரக்காத்து பட்டா அந்தத் தோல் தொஞ்சு போயிடும், அதுக்குத்தான் நீங்க பார்த்த தீ. மலையில சாயங்காலம் ஆனாலே பனி எறங்கிடும், அதனால வாசிக்குற எடத்துல எப்பவும் ஒரு நெருப்பு இருக்கும். அந்தப் பெரியவர் விரலால சுண்டிப் பார்த்தாருன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எங்க அப்பா தவில் வலந்தலைய, அதாவது கை வாசிக்குற பக்கத்த, சுண்டிப் பார்க்குறது அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு எனக்கு. கையும் குச்சியும் சேர்ந்து வாசிக்குறதும் நம்ம தவில் மாதிரிதான், என்ன, அவங்க விரலுக்குக் கூடு போடுறதில்ல.

நீங்க கேட்ட முக்கியமான கேள்விக்கு வர்றேன். ஊர்வலத்துல வாசிக்குறதுக்குப் பேரு ரஹ்மானி. அது ஒரே தாளம் இல்ல, பாதைய வெச்சு மாறும். கட்வாலி பேச்சுல ஏத்தத்துக்கு உகாள், எறக்கத்துக்கு உந்தார்ன்னு சொல்லுவாங்க. ஏத்தத்துக்கு ஒரு அடி, சமதளத்துக்கு ஒரு அடி, ஆத்தக் கடக்குறதுக்கு ஒரு அடி. ஏன்னு நான் அந்த வாத்தியார்கிட்ட கேட்டேன். நடக்குறவன் மூச்சுக்காகன்னார். பின்னாடி வயசானவங்க வர்றாங்க, முன்னெல்லாம் பொண்ண டோலியில வெச்சு தூக்கிட்டு வருவாங்க, தூக்குறவனுக்குக் கால் வெக்க அடி வேணும். இன்னொண்ணு, எதிர் மலையில இருக்குற ஊர்க்காரன் கேட்டுட்டே இருப்பான், ஊர்வலம் கண்ணுல படாது, காதுலதான் படும், ‘ஆத்துகிட்ட வந்துட்டாங்க, அடுப்ப ஏத்து’ன்னு அவங்க தயாராயிடுவாங்களாம்.

ரஹ்மானி மட்டும் இல்ல. எந்த நல்ல காரியமும் பதாய்ல ஆரம்பிக்கும், மங்கள வாசிப்பு. சாமிய வரவழைக்க துயேள்ன்னு ஒண்ணு, கோயில் முற்றத்துல வாசிப்பாங்க, அத நேர்ல கேட்டா மயிர்க்கூச்செறியும் ப்ரோ, மெதுவா ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போகும். ராத்திரிக்கு நௌபத். ஊருக்குள்ள எந்த நேரத்துல எது கேக்குதுன்றத வெச்சே வீட்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிடும்.

இதுக்கெல்லாம் அடிப்படையா டோல் சாகர்ன்னு ஒண்ணு இருக்கு. டோல் கடல்ன்னு அர்த்தம். பார்வதி கேக்க சிவன் பதில் சொல்ற மாதிரி போகும். டோல் யாருடைய பிள்ளை, இந்தக் கயிறு யாருடையது, இந்த வளையம் யாருடையது, தோல் யாருடையதுன்னு ஒவ்வொரு உறுப்புக்கும் கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தெய்வம் பதிலா வரும். அச்சுலயும் வந்திருக்கு, ஆனா வாசிக்குறவங்களுக்கு அது அப்பன்கிட்டேருந்து பிள்ளைக்கு வாய்வழியா வர்றதுதான். முன்ன கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டு டோல்காரரும் பொண்ணு வீட்டு டோல்காரரும் நேருக்கு நேர் நின்னு இதுலேருந்து கேள்வி கேட்டுக்குவாங்க, சபையே சுத்தி நிக்கும். கேசவ் அனுராகின்னு ஒருத்தர் இருந்தார், இந்த மேளக்கார சமூகத்துலேயே பொறந்து ஆகாஷ்வாணில வேலை பார்த்தவர், டோல் சாகர கரைச்சுக் குடிச்சவர். இந்திக் கவிஞர் மங்களேஷ் டப்ரால் அவரப் பத்தி ஒரு கவிதையே எழுதியிருக்கார்.

உங்க ரெக்கார்டிங்க தயவு செஞ்சு அழிச்சிடாதீங்க. ஏத்தம், சமதளம், ஆறு மூணும் ஒரே நடையில வர்ற மாதிரி பதிவு சாதாரணமா கெடைக்காது. ஸ்டுடியோவுல உக்காந்து வாசிச்சா நடை வராது, நடை வரலைன்னா ரஹ்மானிக்கு உயிர் ஏது.

சுருதிப்பெட்டி:

டோல் பத்தி மேல எழுதுனவர் அருமையா எழுதியிருக்கார். ஆனா பேக்பைப் விஷயத்துல என் கருத்தச் சொல்லிடுறேன், அது நாட்டுப்புற வாத்தியமே இல்ல, வெள்ளைக்காரன் பட்டாளம் விட்டுட்டுப் போனது. அது வந்ததுனாலதான் அந்த ஊரோட சொந்த ஊதுகொம்பெல்லாம் பின்னாடி போச்சு. ரண்சிங்கான்னு வளைஞ்ச செம்புக் கொம்பு இருக்கு, பங்கோரான்னு நீளமா நேரா ஒரு செம்பு ஊதுகுழல் இருக்கு, சாமி ஊர்வலத்துக்கு வாசிப்பாங்க. அதையெல்லாம் தேடிக் கேளுங்க. சுத்தமான பழைய நாட்டுப்பாட்டு வேணும்னா ‘பேடு பாக்கோ’ கேளுங்க, நூத்துக்கணக்கான வருஷமா அந்த மலையில பாடுறது.

ராணிகேத் சுபேதார்:

தம்பி சுருதிப்பெட்டி, கோவிச்சுக்காதீங்க, ரெண்டு விஷயத்துலயும் உங்களோட நான் ஒத்துப் போகல. நான் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவன், ராணிகேத்துல நாலு வருஷம் போஸ்டிங். குமாவுன் ரெஜிமெண்ட் சென்டர் அங்கதான் இருக்கு. காலையில தேவதாரு மரத்துக்கு நடுவுல பைப் பேண்டு பழகுற சத்தத்துலதான் முழிப்பே வரும்.

அந்த பேக்பைப்புக்கு மலையில பேரு மசக்பீன். மசக்ன்னா தண்ணி எடுத்துட்டுப் போற தோல்பை, பீன்ன்னா குழல். பேர்லயே அத அவங்க ஊர்ப் பொருளா மாத்திட்டாங்க பாருங்க. கட்வால் ரைபிள்ஸ் 1887ல அல்மோராவுல ஆரம்பிச்சது, அந்த வருஷமே லேன்ஸ்டவுனுக்குப் போயிடுச்சு, லேன்ஸ்டவுன் இருக்குறது மலைக்காத்து தம்பி போன அதே பௌடி மாவட்டம். அந்த மலையில வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம். பேண்டுல ஊதப் பழகுனவன் பென்ஷன் வாங்கிட்டு ஊருக்கு வந்தா சும்மா இருப்பானா, ஊர்க் கல்யாணத்துல டோல்காரர் பக்கத்துல நின்னு ஊதுனான். ஆனா என்ன ஊதுனான்னு கேளுங்க. மார்ச் இல்ல, ஊர்ப் பொம்பளைங்க வயக்காட்டுல பாடுற மெட்டு. பையில காத்து நெறைஞ்சிருக்குறதால மூச்சு உடையாம ஓடிட்டே இருக்கும், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும், மலைக்கு அது அவ்வளவு பொருந்திப் போச்சு. நான் ஒரு பெரியவர் ஊதும்போது கிட்ட நின்னு பார்த்திருக்கேன், பைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு முழங்கையால அழுத்துறாரு, கண்ணு மூடியிருக்கு, கன்னத்துல ஒரு சுருக்கம் கூட அசையல, விரல் மட்டும் ஓடுது. ஹார்மோனியமும் வெளியூர்ச் சரக்குதானே, அத நாம பஜனையிலருந்து வெளிய அனுப்பிட்டோமா?

குமாவுன் பக்கம், அதாவது உத்தராகண்டோட கிழக்கு மலையில, சோலியான்னு வாள் ஆட்டம் உண்டு, கல்யாண ஊர்வலத்துக்கு முன்னாடி கையில வாளும் கேடயமுமா ஆடிட்டே போவாங்க, செவப்புக் கொடி ஒண்ணு வெள்ளைக் கொடி ஒண்ணு. அந்த ரெண்டு கொடியோட வரிசை போகும்போது ஒரு மாதிரி, பொண்ணக் கூட்டிட்டுத் திரும்பும்போது தலைகீழா மாறும். டோல், தமாவ், நகாரா, ரண்சிங், மசக்பீன் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது அதுல எது உள்ளூர் எது வெளியூர்ன்னு பிரிச்சு எடுக்க முடியாது. ரண்சிங் பின்னாடி போகல, இன்னும் இருக்கு. அல்மோராவுல தம்டான்னு செம்பு வேலை செய்யுற சமூகம் இருக்கு, செம்புக் குடம் தட்டுற அதே கையாலதான் அந்தக் கொம்பையும் செய்யுறாங்க.

‘பேடு பாக்கோ’ விஷயம். அது நூத்துக்கணக்கான வருஷப் பாட்டு இல்ல தம்பி. பிரிஜேந்திர லால் ஷா எழுதி மோகன் உப்ரேதி மெட்டுப் போட்டு 1952ல நைனிதால் ஸ்கூல் ஒண்ணுல மொதல் தடவையா மேடையேறுனது. அதையே குமாவுன் ரெஜிமெண்ட் பேண்டு வாசிக்கும்போது வரிசையில நிக்குற பசங்க முகம் மாறுறத நான் பார்த்திருக்கேன். காட்டு அத்திப் பழமும் காஃபல் பழமும் பழுக்குறதப் பத்தின பாட்டுக்கு அப்படி ஒரு சக்தி. வயசு கம்மின்றதால அந்தப் பாட்டு குறைஞ்சிடுமா?

அல்மோரா மருமக:

நான் திருநெல்வேலிப் பொண்ணு, கல்யாணம் ஆகி பதினாலு வருஷமா அல்மோரா மாவட்டத்துல ஒரு கிராமத்துக்கு மருமக. மலைக்காத்து தம்பி போனது கட்வால், நான் இருக்குறது குமாவுன், பேச்சும் வழக்கமும் கொஞ்சம் மாறும், ஆனா நீங்க கடைசியா கேட்டீங்க பாருங்க, அது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

மேளம் வாசிக்குறவங்கள உங்க பக்கம் அவ்ஜி, தாஸ், பாஜ்கின்னு சொல்லுவாங்க, எங்க பக்கம் டோலி (தூக்குற டோலி இல்ல, டோல் வாசிக்குறவர்). பட்டியல் சாதி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தனை ஊருன்னு உண்டு, அந்த ஊர்ல பொறப்பு, கல்யாணம், திருவிழா எல்லாத்துக்கும் அவங்கதான். முன்னெல்லாம் கூலி காசா இல்ல, அறுவடைக்கு அறுவடை தானியம், கட்வாலில அதுக்கு டட்வார்ன்னு பேரு. பெரும்பாலும் துணியும் அவங்களே தைப்பாங்க. ஊசியும் டோல் குச்சியும் ஒரே கையில. சைத்ர மாசம், அதாவது நம்ம பங்குனி, மேளக்காரரும் அவர் வீட்டம்மாவும் வீடு வீடாப் போய்ப் பாடுவாங்க. அதுல ஒரு விஷயம் கேட்டப்போ நான் அழுதுட்டேன். ஊர்ப் பொண்ணு எந்த மலைக்கு வாக்கப்பட்டுப் போயிருந்தாலும் பொறந்த ஊர் மேளக்காரர் அங்க வரைக்கும் நடந்து போய் அவ வாசல்ல நின்னு பாடுவாராம். சொந்த அண்ணன் தம்பி வர முடியாத வருஷம் கூட அவர் வருவாராம். அவளும் தானியம், துணி, முடிஞ்சதக் குடுப்பா, பொறந்த வீட்டுச் சேதி கேட்டுக்குவா. ரோடும் போனும் இல்லாத காலத்துல அந்த டோல் சத்தம் ஒரு பொண்ணுக்கு என்னவா இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

இப்படிப்பட்டவரத்தான் படியில ஏத்த மாட்டாங்க. கோயில்லயும் அப்படித்தான் வழக்கம், சாமிய எழுப்புறது அவர் அடி, அவர் நிக்குறது வெளி முற்றத்துல. உங்க நண்பன் பேச்ச மாத்துனதுக்குக் காரணம் அவனுக்குத் தெரியாம இல்ல தம்பி. எங்க வீட்டுலயும் மாமனார் காலத்துல அதேதான். என் பொண்ணு நாமகரணத்துக்கு டோல் வாசிச்ச தாத்தாவ நான் எங்களோட வரிசையில உக்கார வெச்சுப் பரிமாறுனேன், அவருக்கே கை நடுங்குச்சு, ரெண்டு பெரியவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. போனாப் போகட்டும்னு விட்டுட்டேன். அடுத்த விசேஷத்துக்கு அதுல ஒருத்தர் திரும்பி வந்து உக்காந்தாரு, இன்னொருத்தர் இன்னும் வரல.

சரி, எங்க பக்கத்து இசையப் பத்தி சொல்லாமப் போனா எனக்கு மனசு ஆறாது. எங்க ஊர்ல ஜாகர் நடக்கும். ஜாகர்ன்னா கண் முழிச்சிருக்குறது. ராத்திரி வீட்டுக்குள்ள, நடுவுல கனல், ஜாகரியான்னு ஒருத்தர் ஹுட்கா வெச்சுக்கிட்டுப் பாடுவார், பக்கத்துல ஒருத்தர் வெண்கலத் தட்டக் குச்சியால தட்டுவார். ஹுட்காவ மொத மொத பார்த்ததும் ‘அட நம்ம உடுக்கை’ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். இடுப்பு சிறுத்த மேளம், ஆட்டு வயித்துச் சவ்வால போர்த்துன மெல்லிசான தோல், தோள்ல மாட்டுன பட்டைய இழுத்தா சுருதி ஏறும், விட்டா எறங்கும், பேசுற மாதிரியே இருக்கும். மொதல்ல சாஞ்ச்வாலி பாடுவாங்க, அந்தி வந்துருச்சு, விளக்கு ஏத்துற நேரம், மாடு கொட்டகைக்குத் திரும்பிருச்சுன்னு அந்திப்பொழுதக் கூப்பிட்டு எல்லா சாமியையும் வணங்குற பாட்டு. அப்புறம் எந்த சாமி வரணுமோ அந்த சாமியோட கதை. கதை நடுவுல ஓரமா உக்காந்திருக்குற டங்கரியாவுக்கு, அதாவது சாமியாடிக்கு, ஒடம்பு நடுங்கும், சாமி எறங்கும். நான் எங்க ஊரு சுடலை கோயில் கொடையும் சாமியாட்டமும் பார்த்து வளர்ந்தவ, எனக்கு அங்க ஒண்ணுமே அந்நியமாத் தெரியல, மொழி மட்டும்தான் வேற.

எங்க பக்கம் பெரிய சாமி கோலு தேவதா, நியாயம் வழங்குற சாமி. அல்மோரா கிட்ட சித்தய் கோயில்ல பார்த்தீங்கன்னா எங்க பார்த்தாலும் மணி, கூடவே ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதித் தொங்கவிட்ட மனு. அவர் கதைய ஜாகர்ல இப்படிப் பாடுவாங்க. ராஜாவோட இளைய ராணி புள்ள பெத்தா, மூத்த ராணிங்க பொறாமையில கொழந்தைய மாத்தி அம்மிக்கல்ல வெச்சிட்டு, நீ பெத்தது கல்லுன்னு சொல்லி, கொழந்தைய பெட்டியில போட்டு ஆத்துல விட்டுட்டாங்க. மீனவர் எடுத்து வளர்த்தாரு. பையன் வளர்ந்து ஒரு மரக்குதிரைய எடுத்துக்கிட்டு அந்த ராணிங்க குளிக்குற எடத்துக்குப் போய் என் குதிரைக்குத் தண்ணி காட்டணும், நகருங்கன்னான். மரக்குதிரை தண்ணி குடிக்குமான்னு அவங்க சிரிச்சாங்க. பொம்பள கல்லப் பெக்கும்னா மரக்குதிரை தண்ணி குடிக்கும்னான். அந்த எடம் வரும்போது ஹுட்கா ஒரு நொடி நிக்கும் பாருங்க, தட்டுச் சத்தம் மட்டும் கணகணன்னு கேக்கும், உக்காந்திருக்குற பொம்பளைங்கள்ல பாதிப் பேரு அழுதுட்டு இருப்பாங்க.

அதே ஹுட்கா நாத்து நடவுலயும் வரும், ஹுட்கியா பௌல்ன்னு பேரு, சோமேஷ்வர் பள்ளத்தாக்குல இன்னும் நடக்குது. சேத்துல பொம்பளைங்க வரிசையா குனிஞ்சு நாத்து நட்டுக்கிட்டே பின்னாடி நகருவாங்க, ஹுட்காக்காரர் மொதல்ல பூமி சாமிய வணங்கிட்டு ஒரு அடி பாடுவார், அவங்க திருப்பிப் பாடுவாங்க. கேழ்வரகுக் களையெடுப்புக்கும் இதே மாதிரி உண்டு. பாட்டு நின்னா கையும் நிக்கும். நான் ஒரு வருஷம் எறங்கி நட்டேன், தனியா நட்டா அரைமணி நேரத்துல முறியுற இடுப்பு அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்குச்சு.

இப்போ பிரச்சினை என்னன்னா ஆளே இல்ல. 2011 கணக்கெடுப்புல அல்மோராவும் பௌடியும் ரெண்டு மாவட்டத்துலயும் பத்து வருஷத்துல ஜனத்தொகை குறைஞ்சு போச்சு. பூட்டுன வீட்டுக்கு யாரு வாசிப்பா? டோல்காரர் பசங்களும் டெல்லிக்கோ ஹல்துவானிக்கோ ஹோட்டல் வேலைக்குப் போயிடுறாங்க, நான் அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், மரியாதையும் இல்லாம காசும் இல்லாம எதுக்கு அந்தப் பசங்க சொமக்கணும். கல்யாணத்துல டிஜேக்கு அம்பதாயிரம் குடுக்குறவங்க டோலுக்கு ரெண்டாயிரம் குடுக்க பேரம் பேசுறத எங்க ஊர்லயே பார்த்திருக்கேன்.

ஆனா ஒண்ணுமே நடக்கலன்னு சொல்ல மாட்டேன். ஜாகர் மேடையில ஆம்பளைங்கதான் பாடிட்டு இருந்தாங்க, சமோலி மாவட்டத்து பசந்தி பிஷ்ட் அம்மா நந்தா தேவி ஜாகர மேடையேத்துனாங்க, 2017ல பத்மஸ்ரீ. 2019ல பிரீதம் பர்த்வானுக்குக் கெடைச்சுது, அவர் மேளக்காரர் குடும்பத்துலேருந்து வந்தவர். அந்த சேதி வந்த அன்னைக்கு எங்க ஊரு டோல்காரத் தாத்தா வீட்டுல இனிப்பு குடுத்தாங்க.

சுருதிப்பெட்டி:

சுபேதார் ஐயா, நீங்க சொன்னது சரி. அந்தப் பாட்டு விஷயத்துல எனக்குத் தப்பா பதிஞ்சிருந்துச்சு, திருத்தினதுக்கு நன்றி. மசக்பீன் பத்தியும் நான் அவசரப்பட்டுட்டேன். மருமக அக்கா எழுதுனத ரெண்டு தடவை படிச்சேன்.

ராம்மாண் பத்தி யாரும் சொல்லலையே? சமோலி மாவட்டம் சலூர்-டுங்ரான்னு ரெட்டைக் கிராமம், ஏப்ரல் மாசக் கடைசி வாக்குல ஊர்க்காவல் சாமி பூமியாள் தேவதாவுக்கு திருவிழா. ராமாயணக் கதைய ஜாகராப் பாடி, மரமுகமூடி போட்டு ஆடி, டோல் தாளத்துலயே முழுக் கதையும் நகரும். 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. அதுலயும் யார் என்ன செய்யணும்னு சாதிக்கு சாதி பிரிச்சு வெச்சிருக்காங்க, நரசிம்ம முகமூடிய குறிப்பிட்ட ஆளுங்கதான் போடலாம். டோல் வாசிக்குறது தாஸ் சமூகம், அந்த நாள்ல மட்டும் அவங்களுக்கு தனி மரியாதை. அந்த நாள் மட்டும்ன்றது, மருமக அக்கா எழுதுனதுக்கு அப்புறம் படிக்க கஷ்டமா இருக்கு.

தவில் வீட்டுப் பையன்:

கட்வால் பக்கம் பாண்டவ நிருத்யமும் இருக்கு, மகாபாரதக் கதைய ஆடுறது, நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும், வயல் வேலை இல்லாத மாசங்கள்ல. மந்தாகினி, அலக்நந்தா பள்ளத்தாக்கு ஊர்கள்ல பல நாள் தொடர்ச்சியா நடக்கும், பீமனுக்கு ஒரு அடி, அர்ஜுனனுக்கு ஒரு அடி, டோல்காரர் அடிய மாத்துனாத்தான் அந்த ஆள் எந்திரிச்சு ஆடுவார். சக்கரவியூகம் நடக்குற அன்னைக்கு சுத்துப்பட்டு ஊரே கூடும். மலைக்காத்து ப்ரோ நீங்க டேராடூன்ல இருக்கீங்க, உங்களுக்கு ஆறேழு மணி நேரம்தான். போனா மொபைல மேளத்துக்கு ரொம்பக் கிட்ட வெக்காதீங்க, பத்தடி தள்ளி வைங்க, கிட்ட வெச்சா குச்சிச் சத்தத்துல கைச்சத்தம் அமுங்கிடும். டோலோட பேச்செல்லாம் அந்தக் கைப்பக்கத்துலதான் இருக்கு.

மலைக்காத்து:

இவ்வளவு பேரு இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனக்கவே இல்ல. எல்லாருக்கும் நன்றி, மருமக அக்காவுக்கு தனியா.

நேத்து நண்பனோட அப்பா ஆஸ்பத்திரி வேலையா டேராடூன் வந்திருந்தார். அவருக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியாது, அதனாலதான் அன்னைக்கு ஊர்வலத்துல நடக்காம வீட்டுலயே இருந்துட்டார். நான் ரெக்கார்டிங்க போட்டு ஹெட்போன அவர் காதுல மாட்டிவிட்டேன், எதுவும் சொல்லல. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் விரல் மடியில தட்ட ஆரம்பிச்சுது. ‘உகாள்’ன்னார். கொஞ்சம் கழிச்சு, பள்ளிக்கூடத்துகிட்ட சமதளம் வந்துருச்சுன்னார். அப்புறம் கைய ஒசத்தி நிறுத்துன்னு காட்டுனார், பாலத்துகிட்ட வந்துட்டீங்க, இங்க ஏன் இவ்வளவு நேரம் நிக்குறீங்கன்னு கேட்டார். நெஜமாவே அங்க நின்னோம், மாப்பிள்ளையோட செருப்பு வார் அறுந்து போயி அஞ்சு நிமிஷம் நின்னோம், நான் அத மறந்தே போயிருந்தேன்.

டோல் வாசிச்சவர் யாருன்னும் அவருக்கு சத்தத்துலேயே தெரிஞ்சிருச்சு, பேரச் சொன்னார். ரெண்டு பேரும் சின்ன வயசுல ஒரே ஆத்துல மீன் புடிச்சவங்களாம். அப்போ நான் கேட்டேன், அவர் ஏன் அன்னைக்கு படி ஏறலைன்னு. நண்பன் மாதிரி பேச்ச மாத்தல. ரொம்ப நேரம் ஹெட்போன் ஒயரப் புடிச்சு உருட்டிட்டே இருந்தார். கூப்பிட்டிருந்தா ஏறியிருப்பான், நாங்க யாரும் கூப்பிடலைன்னார்.

அடுத்த மாசம் அவங்க வீட்டுல பூஜை இருக்கு, என்னையும் வரச் சொல்லியிருக்கார். அந்தப் பெரியவருக்கும் அவரே போன் பண்ணிச் சொல்றேன்னு சொல்லியிருக்கார். நாப்பது நிமிஷப் பதிவ ஒரு பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போறேன், அவர் பேரன்கிட்ட, அதான் தமாவ் வாசிச்ச பையன்கிட்ட குடுக்கலாம்னு இருக்கேன். தவில் ப்ரோ, உங்களுக்கும் அனுப்புறேன், பாலத்துகிட்ட வர்ற அந்த அடிய மட்டும் எழுதிக் குடுக்க முடியுமா?

தவில் வீட்டுப் பையன்:

அனுப்புங்க ப்ரோ. எழுதித் தர்றேன், ஆனா அந்தப் பெரியவர்கிட்ட ஒரு தடவை கேட்டு சரி பார்த்துக்குங்க, அவர் சொல்றதுதான் கணக்கு.